பையின் வாயும் மடிப்பின் திறமும்

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. ஊர்வாய் ஒருபுறமிருக்க, ஒரு சிறு பையின் வாயைச் செம்மையாக மூடும் வழியைக் காண்பதற்கே மனித இனம் மூவாயிரம் ஆண்டுகளாக முயன்று வந்திருக்கின்றது என்று கூறினால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அதுவே உண்மை. நீர் புகாத பொருளை மனிதன் மிக முன்னரே கண்டுகொண்டான். விலங்கின் தோல் அவன் கண்முன்னே இருந்தது. ஆனால் அத்தோலைப் பையாக்கியதும் அதற்கு ஒரு வாய் வேண்டியதாயிற்று. பொருளை உள்ளே இடுவதற்கு வாய் திறக்க வேண்டும். இட்டபின் நீரும் காற்றும் செல்லாதவாறு அது மூட வேண்டும். திறப்பதும் மூடுவதும் ஒன்றுக்கொன்று பகையான தொழில்கள். இவ்விரண்டையும் ஒரே வாயிடத்துப் பெற முயன்ற வரலாற்றையே இங்கு சுருங்கக் காண்போம்.

இக்காலத்தில் மலையேறுவோரும் ஆற்றிற் படகு செலுத்துவோரும் கொண்டு செல்லும் பை ஒன்றுண்டு. நீர் புகாத துணியாலான அப்பையின் மேற்புறம் நீண்ட குழாய்போல் திறந்திருக்கும். உள்ளிருக்கும் காற்றை ஓரளவு வெளியேற்றி, வாயின் இரு விளிம்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, மூன்று நான்கு முறை கீழ்நோக்கிச் சுருட்டி, சுருளின் இரு நுனிகளையும் வளைத்து ஒரு கொளுவியாற் பூட்டிவிட்டால் பை மூடப்பட்டுவிடும். திருகும் இல்லை, அடைப்பானும் இல்லை. கடைக்காரர் சீனி நிறுத்த கடதாசிப் பையின் வாயை இரண்டு மடிப்பு மடித்துத் தருகின்றாரே, அச்செயலின் முதிர்ந்த வடிவமே இது. இத்தகைய பைகளைத் தம் வீட்டிலேயே வெட்டித் தைத்துக் கொள்வோர் இன்று பல நாடுகளிலும் உள்ளனர். இவ்வெளிய மடிப்பு தோன்றுவதற்கு ஏன் இத்துணைக் காலம் சென்றது என்பதே நம் வினா.

ஒரு பையில் நீர் புகக்கூடிய இடங்கள் மூன்று. முதலாவது அதன் சுவர். இரண்டாவது அதன் தையல். மூன்றாவது அதன் வாய். வரலாற்றில் மனிதன் வென்ற வரிசையும் இதுவே.

இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் அசீரிய நாட்டுப் புடைப்புச் சிற்பங்கள் பல உள்ளன. அவற்றுட் சில, கி. மு. 883 முதல் 859 வரை ஆண்ட இரண்டாம் அசூர்நசிர்பால் என்னும் மன்னனின் நிம்ரூத் அரண்மனையிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றில் வீரர்கள் ஆற்றை நீந்திக் கடக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. காற்றடைத்த ஆட்டுத்தோலை மார்பின்கீழ் அணைத்தபடி அவர்கள் மிதக்கின்றனர். உற்று நோக்கினால், தோலினின்று நீளும் குழாய் வீரனின் உதட்டிற் பொருந்தியிருத்தலைக் காணலாம். கசிந்து போகும் காற்றுக்கு ஈடாக அவன் மீண்டும் மீண்டும் ஊதிக்கொண்டே நீந்துகின்றான் போலும். பையின் வாயை மூட வேறு வகை காணாத மனிதன் தன் வாயாலேயே அதை மூடினான். சுவர் நன்று, வாயோ அரைகுறை.

அதற்கு ஏறத்தாழ நான்கரை நூற்றாண்டுகளின் பின்னர், கி. மு. 401 இல், கிரேக்கக் கூலிப்படையினர் பாரசீகப் பேரரசினுள்ளே நெடுந்தூரம் சென்றனர். அவர்களுள் ஒருவரான செனொபன் அப்பயணத்தை நூலாக எழுதிவைத்தார். யூபிரத்தீஸ் ஆற்றின் கரைவழியே செல்லும்போது எதிர்க்கரையிலிருந்த ஊரொன்றில் உணவு வாங்க வேண்டியதாயிற்று. வீரர் தம் கூடாரங்களின் தோல்களை எடுத்து, அவற்றினுள் உலர்ந்த புல்லை நிரப்பி, ஓரங்களை ஒன்றுசேர்த்து, புல்லில் நீர் படாதவாறு நெருக்கித் தைத்து, அவற்றின்மேல் ஏறி ஆற்றைக் கடந்தனர் என்கிறார் அவர். பேரீச்சமதுவும் தினையுணவும் பெற்று மீண்டனராம். இங்கே வாய் என்று ஒன்று வைக்கப்படவே இல்லை. வாயையும் தையலாக்கிவிட்டனர். கரை சேர்ந்தபின் தையலைப் பிரித்தாலன்றிப் பை திறவாது.

அதே படை பின்வாங்கும் வேளையில் தைகிரிஸ் ஆறு குறுக்கிட்டது. அப்போது உரோதுத் தீவினன் ஒருவன் படைத்தலைவரிடம் வந்து, இரண்டாயிரம் தோற்பைகளும் ஒரு தலாந்து பணமும் தந்தால் நாலாயிரம் வீரரை அக்கரை சேர்ப்பதாகக் கூறினான். ஊதிக் கட்டிய ஒவ்வொரு தோலும் இருவரை அமிழாமல் தாங்கும் என்பது அவன் கணக்கு. எதிர்க்கரையிற் குதிரைப்படை காத்து நின்றமையால் அத்திட்டம் கைவிடப்பட்டது. எனினும் அவன் கூற்று நமக்கு ஒன்றை உணர்த்துகின்றது. இருவர் உயிர் ஒரு முடிச்சைப் பொறுத்திருந்தது.

கி. மு. 329 இல் மகா அலெக்சாந்தர் இன்று ஆமு தரியா எனப்படும் ஒக்சசு ஆற்றை அடைந்தார். பாலம் அமைக்க மரமில்லை. மணற்பாங்கான ஆற்றுப்படுகையில் நட்ட முளைகளையோ நீரோட்டம் பெயர்த்தெறிந்தது. அவரும் கூடாரத் தோல்களில் உலர்ந்த பதரை அடைத்துத் தைக்கச் செய்தார். முழுப்படையும் ஐந்து நாளிற் கடந்தது. அலெக்சாந்தரின் வெற்றியைப் பாடியோர் பலர். அத்தோல்களைத் தைத்த கைகளைப் பாடியவர் எவருமில்லை.

தைகிரிஸ் ஆற்றில் காற்றடைத்த தோல்களின் பயன் கிரேக்கரோடு முடிந்துவிடவில்லை. பல தோல்களை ஊதிக் கட்டி, அவற்றின்மேல் மரச்சட்டம் பரப்பிச் செய்யும் தெப்பத்தைக் கெலெக் என்பர். இது நீரோட்டத்தின் திசையில் மட்டுமே செல்லும். சரக்கை இறக்கியபின் மரத்தை விற்றுவிட்டு, தோல்களின் காற்றைப் போக்கி, மடித்துக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்புவர். 1847 ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான லேயார்ட் என்பார் நிம்ரூத்திற் கண்டெடுத்த சிறகுடைய மாபெரும் கற்காளையையும் கற்சிங்கத்தையும் நூற்றுக்கணக்கான தோல்கள் பூட்டிய இத்தகைய தெப்பங்களிலேயே ஆற்றுவழி அனுப்பினார். காற்றடைத்த தோலில் நீந்தும் வீரரைச் சுவரிற் செதுக்கிய அதே மன்னனின் வாயிற்காவற் சிலைகள், ஏறத்தாழ இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுகளின் பின் காற்றடைத்த தோல்களின்மேலேயே நாடு கடந்தன. இதனினும் வியப்பான ஒப்புமையை வரலாற்றிற் காண்டல் அரிது.

நம் மொழியும் இப்பொருளை அறியாததன்று. கொல்லன் உலையூதும் கருவிக்கும், நீர்மம் வைக்கும் தோற்பைக்கும் துருத்தி என்னும் ஒரே சொல் வழங்குகின்றது. தமிழ் விவிலியத்திலும் திராட்சை இரசம் வைக்கும் தோற்பை துருத்தியே. காற்றைக் காப்பதும் நீரைக் காப்பதும் ஒரே கலை என்பதை இச்சொல்லே கூறிவிடுகின்றது.

இனி இரண்டாவது இடமாகிய தையலுக்கு வருவோம். ஊசி சென்ற இடமெல்லாம் துளை. துளையிருந்தால் நீர் புகும். இச்சிக்கலை முற்றாக வென்றவர்கள் பெரும் பேரரசுகளைச் சேர்ந்தவரல்லர். வடதுருவத்தை அடுத்த கிறீன்லாந்திலும் கனடாவிலும் வாழும் இனுவிற்றுப் பெண்களே. அவர்களின் ஊசி தோலின் பாதித் தடிப்பளவே சென்று மீளும், மறுபுறம் தோன்றாது. ஒரு வரிசை தைத்தபின் ஓரத்தை மடித்து மறுபுறமிருந்து இன்னொரு வரிசை தைப்பர். நூலாகப் பயன்படும் விலங்கு நரம்பு, நனைந்ததும் பருத்துத் தான் சென்ற துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். பனிக்கடலில் உடை நனைந்தால் வேட்டைக்குச் சென்ற கணவனோ மகனோ உயிருடன் மீளான் என்பதை ஒவ்வொரு தையலிலும் அறிந்தவர்கள் அவர்கள். கடல்நாய்த் தோலை முழுமையாக உரித்து, துளைகளைக் கட்டி, ஊதும் வாய்க்கு எலும்பாலோ மரத்தாலோ அடைப்பானிட்டு, மிதவை செய்தனர். எறியீட்டியின் கயிற்றிற் கட்டிய அம்மிதவை, ஈட்டி பட்ட விலங்கு ஆழத்திற் போய் மறையாதவாறு தடுத்தது.

ஐரோப்பாவில் தோலின் இடத்தைத் துணி பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டில். கிளாசுகோ நகரத்துச் சார்ள்ஸ் மக்கின்ரொஷ் என்பார் நிலக்கரித் தாரினின்று பெறும் நப்தா எண்ணெயில் இறப்பரைக் கரைத்து, இரு துணிகளுக்கிடையே பூசி ஒட்டி, 1823 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மழையங்கிக்கு இன்றும் ஆங்கிலத்தில் அவர் பெயர் வழங்குகின்றது. சுவர் மிக நன்றாகவே அமைந்தது. ஆனால் தையற்காரர் அத்துணியை வாங்கி வழக்கம்போல ஊசியாற் குத்தித் தைத்தபோது, ஒவ்வொரு துளையினூடாகவும் மழை உள்ளே வந்தது. குற்றம் துணியின்மேல் சுமத்தப்பட்டது. மேலும் அவ்விறப்பர் வெயிலில் இளகி ஒட்டியது, குளிரில் விறைத்தது. அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் 1839 இல் இறப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கி இக்குறையைப் போக்கும் வழியைக் கண்டார். 1844 இல் அவர் அமெரிக்காவிலும், தோமஸ் ஹன்கொக் இங்கிலாந்திலும் இதற்கு உரிமை பெற்றனர்.

இறப்பரின் கதையில் நமது நாட்டுக்கும் இடமுண்டு. 1876 இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொணர்ந்த விதைகள் இலண்டனையடுத்த கியூத் தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்டு, ஏறத்தாழ 1,900 நாற்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் அவை நடப்பட்டன. அந்நாற்றுகள் கடல் கடந்து வந்த விதம் நம் பொருளுக்கு ஏற்றது. நதானியேல் வார்ட் என்னும் இலண்டன் மருத்துவர் வகுத்த கண்ணாடிப் பெட்டிகளில் அவை வந்தன. உப்புக்காற்று உள்ளே செல்லாமலும், உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமலும் மூடிய பெட்டிகள் அவை. உலகத்தின் பைகளை நீரினின்று காக்கவிருந்த மரம், தானும் நன்கு மூடிய ஒரு பெட்டியினாலேயே பிழைத்து வந்தது.

சுவரும் தையலும் சீராகியும் வாய் சீராகாவிடில் நேர்வது யாது? அதற்கு அமெரிக்க நாட்டுக் கொலராடோ ஆறு சான்று. 1869 மே மாதம் 24 ஆம் நாள் ஜோன் வெஸ்லி பவல் என்னும் ஒற்றைக் கையினரான படைவீரர், ஒன்பது துணைவருடனும் நான்கு படகுகளுடனும் எவரும் முன்பு முழுதும் கடந்தறியாத அதன் பெரும் பள்ளத்தாக்கை நோக்கிப் புறப்பட்டார். பத்து மாதத்துக்குரிய உணவு கொண்டு சென்றனர். ஜூன் மாதத்தில் ஒரு படகு பாறையில் மோதிச் சிதைந்தது. அதிலிருந்த உணவும் போயிற்று. எஞ்சிய உணவைச் சிறிது சிறிதாக அழித்தது ஈரமே. கோதுமை மா நனைந்து கட்டியாகிப் பூசணம் பிடித்தது. கொசுவலையில் அரித்தெடுத்து உண்டனர். உப்பிட்ட இறைச்சி கெட்டது. சீனி கரைந்து ஆற்றோடு போயிற்று. மிஞ்சியவை அம்மாவும், உலர்ந்த அப்பிள் சிறிதும், கோப்பியுமே. ஓகஸ்ட் 28 ஆம் நாள் மூவர் இனி இயலாதென்று படகைவிட்டுப் பள்ளத்தாக்கின் சுவரேறிச் சென்றனர். அவர்கள் உயிருடன் ஊர் திரும்பவில்லை. எஞ்சியோர் இரண்டு நாளில் வெளிப்போந்தனர். அம்மூவர் பிரிந்தமைக்கு அஞ்சத்தக்க நீர்வீழ்ச்சி உடனடிக் காரணம். ஆயினும் பல வாரம் புளித்த மாவை உண்ட உடலும் உள்ளமும் அம்முடிவிற் பங்கு கொள்ளவில்லை என்று சொல்ல முடியுமா? 1871 இல் பவல் மீண்டும் புறப்பட்டபோது உணவையும் உடையையும் இறப்பர்ப் பைகளில் இட்டுக் கொண்டு சென்றார். பட்டறிவு கற்பித்த பாடம் அது.

ஆனால் துணிப்பைக்கு வாய் மூடும் முறை தோற்பையினின்று கடன் வாங்கியதாகவே நெடுங்காலம் இருந்தது. கழுத்தை நெரித்துக் கயிற்றாற் கட்டினர். இங்கே ஒரு நுட்பத்தை நோக்குதல் வேண்டும். ஊறுகாய்ச் சாடிக்கு நம் வீடுகளில் வேடு கட்டுகின்றோம். துணி வாயின்மேல் விரிந்து கிடக்கின்றது. தூசிக்கு அது போதும். பையின் கழுத்தைக் கட்டும்போதோ துணி கொசுவங் கொசுவமாகச் சுருங்குகின்றது. ஒவ்வொரு கொசுவமும் ஒரு சிறு வாய்க்கால். தோல் நனைந்ததும் மெத்தென்றாகி முடிச்சினுள் நசுங்கி அவ்வாய்க்கால்களை ஓரளவு அடைத்துக்கொள்ளும். பூச்சுத் துணியோ நனைவதுமில்லை, நசுங்குவதுமில்லை. எவ்வளவு இறுக்கினும் அதன் கொசுவங்களில் வழி மிஞ்சும். தோலுக்கு ஏற்ற முடிச்சு துணிக்கு ஏலாதாயிற்று. பொருள் மாறியது, பழக்கம் மாறவில்லை. கைத்தொழிலில் மட்டுமன்றி வாழ்வின் பிற துறைகளிலும் இவ்வாறு நேர்வதுண்டு.

இதற்கு விடை, வாயைச் சுருக்காமல் தட்டையாக்குவது. தட்டையாகப் பொருந்திய இரு துணிகளுக்கிடையே உள்ள இடைவெளி மிக மெல்லியது. அதை ஒருமுறை மடித்தால் நீர் வளைந்து செல்ல வேண்டும்; மூன்று முறை சுருட்டினால் அவ்வழி நீண்டு, ஒவ்வொரு வளைவிலும் நெருக்குண்டு, நீரின் முயற்சி தளர்ந்துவிடும். உள்ளே சிறிது காற்று எஞ்சியிருப்பின் அது பையை விம்மச் செய்து சுருளை மேலும் இறுக்கும். வாயின் விளிம்பில் ஒரு விறைத்த பட்டை இருத்தல் இன்றியமையாதது. அது கொசுவம் விழாமற் காக்கின்றது. வாயைப் பூட்டுவது கொளுவியன்று, சுருளே. கொளுவி சுருளை அவிழாமல் வைத்திருக்கும் காவலாளி மட்டுமே.

இரண்டாம் உலகப் போரின் பின்னர், படையினர்க்கென ஆக்கி மிஞ்சிய இறப்பர்ப் படகுகளும் நீர்காப்புப் பைகளும் அமெரிக்க ஆற்றோடிகளின் கைக்கு மலிவாக வந்தன. 1938 இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட நைலோனும், அதன்பின் வந்த செயற்கைப் பூச்சுகளும் துணியை மெல்லியதும் வலியதுமாக்கின. 1981 இல் ஹார்ட்முட் ஒர்ட்லீப் என்னும் ஜேர்மனிய இளைஞர் தென்னிங்கிலாந்திலே துவிச்சக்கரவண்டியிற் பயணஞ் செய்கையில் மழையில் நனைந்தார். அவ்வழியே சென்ற லொறியின் படங்கு அவர் கண்ணிற் பட்டது. சரக்கை நனையாமற் காக்கும் அப்படங்கு தம் பையாகலாமே என்று எண்ணி, வீடு திரும்பியதும் தாயாரின் தையலியந்திரத்திலே முதற்பைகளைத் தைத்தார். 1982 இல் அதுவே ஒரு தொழிலாயிற்று. பின்னர் அவருடைய தொழிற்சாலை தையலை விடுத்து, துணியைச் சூட்டினால் உருக்கி ஒட்டும் முறைக்குச் சென்றது. சுருட்டி மூடும் வாய் அப்பைகளின் அடையாளமாயிற்று. பெருந்தொழிலொன்றின் தொட்டில் ஒரு வீட்டுத் தையலியந்திரம் என்பது நம் இளைஞர் மனங்கொள்ளத்தக்கது.

இத்தகைய பையை வீட்டிற் செய்ய விரும்புவோர் வரலாறு கற்பித்த மூன்று பாடங்களையும் மனத்திற் கொண்டால் போதும். சுவருக்கு, ஒருபுறம் யூரித்தேன் பூசிய நைலோன் ஏற்றது. அதன் பூச்சுப்புறங்களை ஒன்றோடொன்று வைத்து, சூடு தாங்கும் தாளை மேலிட்டு, வீட்டு மின்னழுத்தியாற் சூடேற்றினால் துணிகள் ஒட்டிக்கொள்ளும். ஊசித் துளையே இராது. சூட்டின் அளவை முதலில் வெட்டுத்துண்டிற் பார்த்தறிதல் நன்று. சிலிக்கோன் பூசிய துணி இவ்வாறு ஒட்டாது. அதைத் தைத்து, தையலின்மேற் சிலிக்கோன் பசையைப் பூசி உலரவிட வேண்டும். வாய்ப்புறத்தில் ஒரு சாண் நீளத் துணியை மிகுதியாக விடுதல் வேண்டும். துணியைச் சிக்கனம் செய்து சுருட்ட இடமில்லாமற் போவதே புதியவர் செய்யும் பெருந்தவறு. விளிம்பில் ஓரங்குல அகலப் பட்டையை வைத்துத் தைத்து, அதன் இரு நுனிகளிலும் கொளுவியின் பகுதிகளைப் பொருத்த வேண்டும். இவ்விடத்து ஊசித்துளைகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அவை சுருளின் தொடக்கத்திலேயே அமைவதால், அவற்றிற் புகும் நீரும் எல்லா மடிப்புகளையும் கடந்தாலன்றி உள்ளே வாராது. பக்கத் தையல்கள் வாயின் இரு மூலைகளிலும் தடிப்பின்றி அமைதல் வேண்டும். தடித்த இடத்தில் மடிப்பு பொருந்தாது.

முடித்தபின் சோதனை எளிது. பையைக் காற்றால் நிரப்பிச் சுருட்டிப் பூட்டி, ஒரு வாளி நீரில் அமிழ்த்தி அழுத்திப் பார்த்தால், குமிழி எழும் இடமே குற்றமுள்ள இடம். இவ்வாயின் எல்லையையும் அறிதல் வேண்டும். மழைக்கும், அலைத்தெறிக்கும் நீருக்கும், சிறிது நேரம் ஆற்றில் விழுந்து மிதப்பதற்கும் இது தாங்கும். ஆழத்தில் நெடுநேரம் கிடப்பின் தாங்காது. ஒவ்வொரு மீற்றர் ஆழத்துக்கும் நீரின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தின் பத்திலொரு பங்களவு மிகும். மடிப்பு எவ்வளவு நல்லதாயினும் அவ்வழுத்தத்தின்முன் மெல்ல இணங்கும். காற்றுக்கும் அவ்வாறே. சிறிது நேரம் காற்றைப் பிடித்து வைக்க இது வல்லது. அதனாலேயே இன்றைய நடைப்பயணிகள் இதே பையை ஊதுமெத்தையின் குழாயோடு இணைத்து, வாயைச் சுருட்டி, பையை அழுத்தி மெத்தையைக் காற்றால் நிரப்புகின்றனர். நீர்ப்பையும் ஊதுகருவியும் மீண்டும் ஒன்றாயின. நம் முன்னோரின் துருத்தி என்னும் சொல் பழைய இரு பொருளோடும் புத்துயிர் பெற்றதெனலாம்.

இவையெல்லாம் மலையேறுவோர்க்கும் படகோட்டுவோர்க்கும் உரியன, நமக்கென்ன என்று எண்ணுதல் வேண்டா. 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் நாள் கடல் நம் கரைகளின்மேல் ஏறி வந்தபோது, உயிர் பிழைத்த பலர் தம் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் பரீட்சைப் பெறுபேற்றையும் இழந்து நின்றனர். தாம் யார் என்பதைத் தாளிற் காட்ட இயலாத துன்பம் வெள்ளம் வடிந்த பின்னரும் வடியாத துன்பம். ஆண்டுதோறும் பெருமழைக் காலத்தில் தாழ்நிலங்களில் வாழும் குடும்பங்கள் இதனைச் சிறு அளவிற் பட்டே வருகின்றன. ஒரு முழத் துணியும், ஒரு கொளுவியும், ஒரு மாலைப் பொழுதும் இருப்பின் ஒரு குடும்பத்தின் ஆவணங்களை மழையினின்று காக்கும் பையை ஒரு மாணவியோ மாணவனோ செய்துவிடலாம். பாடசாலைக் கைப்பணி வகுப்பில் இதற்கு ஓர் இடம் தருவது வீணாகாது.

அசீரிய வீரன் தன் உதட்டால் மூடிய வாயை, கிரேக்கர் ஊசியால் மூடினர். கெலெக் ஓட்டிகள் கயிற்றால் மூடினர். இனுவிற்றுப் பெண்கள் எலும்புத் துண்டால் மூடினர். இன்று நாம் வெறும் மடிப்பால் மூடுகின்றோம். இம்மடிப்பை முதன்முதற் கண்டவர் இன்னாரென்று வரலாறு ஒரு பெயரைச் சொல்லவில்லை. பல கைகள் பல காலம் மடித்துப் பார்த்துத் தேர்ந்த அறிவு அது. அவ்வறிவைப் பெறுவதற்கு நாம் செலுத்த வேண்டிய விலை, மடிக்கும்போது இன்னொரு முறை மடிக்கும் பொறுமை மட்டுமே.